"தம்பிக்கு எந்த ஊரு?"

மொழிபெயர்ப்பாளர் கேட்டது இவ்வளவுதான். விசா அதிகாரி கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்த ஓரிரு நிமிட இடைவெளியில், அன்பாகத்தான் கேட்டார். அவன் மாவட்டத்தின் பெயரைச் சொன்னான். "அதுல எந்தப் பக்கம்?" என்றார். தாலுகாவைச் சொன்னான். "அங்க யாரு வீட்டுப் பிள்ளை?" என்றார். தமிழ்நாட்டில் வளர்ந்த எவருக்கும் இந்த மூன்று கேள்விகளும் எதை நோக்கிப் போகின்றன என்று தெரியும். அவனுக்கும் தெரிந்தது. அதற்குள் அதிகாரி நிமிர்ந்துவிட்டார். நேர்காணல் தொடங்கியது.

ஆஸ்திரேலியாவில் பாதுகாப்பு விசா கேட்டு விண்ணப்பித்திருந்தான் அவன். ஏன் ஊருக்குத் திரும்ப முடியாது என்று அதிகாரி கேட்டார். "குடும்பப் பிரச்சினை. மனைவி வீட்டார் மிரட்டுகிறார்கள்" என்றான். தான் பட்டியல் சாதி, மனைவி ஆதிக்கச் சாதி, திருமணம் செய்த வாரத்திலேயே ஊரில் இருந்த தன் தகப்பனை அடித்துக் கையை முறித்தார்கள் என்று சொல்லவில்லை. சொன்னால் அது முதலில் அந்த மொழிபெயர்ப்பாளரின் காதில் விழும். அவர் யார், அவருக்கு ஊரில் யாரைத் தெரியும், இன்றிரவு யாரிடம் தொலைபேசியில் பேசுவார்? அவனுக்குத் தெரியாது.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. குடும்பத் தகராறு, அகதித் தகுதிக்கான காரணம் ஆகாது என்றார்கள். அதன்பிறகு தீர்ப்பாயத்தில் மறுஆய்வு. அப்போதுதான் ஒரு வழக்கறிஞர் கிடைத்தார், எல்லாவற்றையும் சொன்னான். "இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?" என்று கேட்டார்கள். "மொழிபெயர்த்தவர் தமிழர். அதனால் சொல்லவில்லை" என்றான். தன் மொழி பேசுகிறவரைக் கண்டு ஒருவன் பயப்படுவானா? அவனை நம்பவில்லை. சாதிக் கதை பின்னால் சேர்த்துக்கொண்டது என்று எழுதிவிட்டார்கள்.

இப்போது அவன் நீதிமன்றத்தில் நிற்கிறான். அவன் பெயர், ஊர் எதையும் இங்கே எழுதமாட்டேன். அடையாளம் தரக்கூடிய சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். நான் வழக்கறிஞன் இல்லை. வார இறுதிகளில் இப்படிப்பட்டவர்களின் தமிழ்க் காகிதங்களை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுக்கிறவன். திருமணப் பதிவுச் சான்றிதழ், காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் நகல், சாதிச் சான்றிதழ், சில நேரங்களில் இரங்கல் சுவரொட்டி.

தோழர்களே, நீதித்துறை மறுஆய்வு என்றால் என்ன என்பதை முதலில் பேசிவிடுவோம். ஏனென்றால் நம்மில் பலருக்கு நீதிமன்றம் என்றதும் ஒரு நம்பிக்கை வந்துவிடுகிறது. "கோர்ட்டுக்குப் போனா நீதிபதி எல்லாத்தையும் கேப்பாரு" என்று. கேட்கமாட்டார். அது அவருடைய வேலையே இல்லை.

ஆஸ்திரேலியாவில் பாதுகாப்பு விசா மறுக்கப்பட்டு, தீர்ப்பாயமும் கைவிட்டபின் நீதிமன்றத்துக்குப் போகிறவர் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றே ஒன்று. இந்த முடிவைச் சட்டப்படி எடுத்தார்களா? முடிவு சரியா தவறா என்பது நீதிமன்றத்தின் கேள்வி அல்ல. அதிகார வரம்பை மீறிய பிழை ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். கேட்க வேண்டியவரைக் கேட்காமல் விட்டார்களா, சட்டத்தின் பொருளைத் தவறாகப் புரிந்துகொண்டார்களா, முன்வைத்த ஒரு முக்கியமான வாதத்தைப் பார்க்காமலே விட்டார்களா? இப்படி ஏதாவது இருந்து, அந்தப் பிழை இல்லாவிட்டால் முடிவு வேறாக இருந்திருக்கக்கூடும் என்றும் காட்டினால் வெற்றி. வெற்றி என்றால் விசா இல்லை. "மறுபடியும் விசாரியுங்கள்" என்று கோப்பு பழைய இடத்துக்கே திரும்பும்.

நம் இளைஞனின் வழக்கை இதில் வைத்துப் பாருங்கள். மொழிபெயர்ப்பாளரைக் கண்டு பயந்தான் என்ற அவனுடைய விளக்கத்தைத் தீர்ப்பாயம் கண்டுகொள்ளவே இல்லை என்றால், அது பிழை. "விளக்கத்தைக் கருத்தில் கொண்டோம்; ஏற்கவில்லை" என்று ஓரிரு வரி ஒழுங்காக எழுதியிருந்தால், பெரும்பாலும் கதவு மூடியது. ஏன் ஏற்கவில்லை, ஏற்காதது நியாயமா என்பதற்குள் நீதிபதி எளிதில் நுழையமாட்டார். நம்புவதும் நம்பாததும் தீர்ப்பாயத்தின் உரிமை.

இதோடு நிற்கவில்லை. தாமதமாகச் சொன்னதை என்ன செய்ய வேண்டும் என்று 2015-இல் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். முதல் முடிவுக்கு முன் சொல்லாத ஒன்றை மறுஆய்வில் சொன்னால், அதற்கு ஏற்கத்தக்க விளக்கமும் இல்லையென்று தீர்ப்பாயம் கருதினால், விண்ணப்பதாரரின் நம்பகத்தன்மைக்கு எதிராகவே அதை எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்துக்கொள்ளலாம் என்றல்ல, வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளானவர், சித்திரவதைக்கு ஆளானவர், சாதியை வாய்விட்டுச் சொல்லப் பழகாதவர் எல்லாருக்கும் இதே அளவுகோல். பேச முடியாதவர்கள்தான் தாமதமாகப் பேசுவார்கள் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் அறியாதவர்களா என்ன?

நீதிமன்றத்தின் படியேறவும் காசு வேண்டும். முடிவு வந்த நாளிலிருந்து 35 நாட்களுக்குள் மனு போட வேண்டும். 690 டாலராக இருந்த மனுக் கட்டணத்தை 2021-இல் ஒரேயடியாக 3,330 டாலராக ஏற்றினார்கள். வறுமையை நிரூபித்தால் பாதிக் கட்டணம். தோற்றால் அமைச்சர் தரப்பின் வழக்குச் செலவையும் நீங்களே கட்ட வேண்டிவரும். வழக்கறிஞர் இல்லாமல், தனக்குத் தெரியாத மொழியில், "அதிகார வரம்புப் பிழை" என்ற சொல்லுக்குப் பொருள் புரியாமல் தானே வாதாடுகிறவர்கள் எத்தனை பேர்! அவர்கள் நீதிபதியின் முன் நின்று தங்கள் கதையைச் சொல்கிறார்கள். "அது இங்கே பொருந்தாது" என்று நீதிபதி மென்மையாகச் சொல்கிறார்.

அப்படியானால் இந்த மறுஆய்வே வீண் என்று தூக்கி எறிந்துவிடலாமா? நம் தோழர்களில் ஒரு பகுதியினர் அப்படித்தான் பேசுகிறார்கள். நீதிமன்றம் ஆளும் வர்க்கத்தின் கருவி, தெருவில்தான் தீர்வு என்று. மத்திய குயின்ஸ்லாந்தின் பிலோயெலா ஊர்க்காரர்கள் தங்களோடு வாழ்ந்த ஈழத்தமிழ்க் குடும்பத்துக்காக நடத்திய போராட்டத்தை அதற்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். உண்மைதான். அந்தப் பெற்றோரின் கோரிக்கை எல்லா நீதிமன்றங்களிலும் தோற்றது. 2022-இல் ஆட்சி மாறிய பிறகு அமைச்சர் கையெழுத்திட்டுத்தான் நிரந்தர விசா கிடைத்தது. ஆனால் 2022 வரை அவர்கள் நாடு கடத்தப்படாமல் இருந்தது எதனால்? 2019-இல் விமானத்தில் ஏற்றிய பிறகும் அதைப் பாதி வழியில் தரையிறங்க வைத்தது நீதிமன்றத்தின் இடைக்காலத் தடை. இளைய குழந்தையின் விஷயத்தில் நடைமுறை நியாயம் மறுக்கப்பட்டது என்று 2020-இல் கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னது. 2021-இல் முழு அமர்வும் அதை உறுதிசெய்தது. தெருவுக்கு வேண்டிய கால அவகாசத்தை வாங்கிக்கொடுத்தது அந்தக் குறுகிய வாசல்தான்.

அந்த வாசலைத் திறந்து வைத்ததில் தமிழ் அகதிகளுக்குப் பங்கு உண்டு. படகில் வந்து கிறிஸ்துமஸ் தீவில் அடைக்கப்பட்டவர்களின் கோரிக்கைகளைச் சட்டத்துக்கு வெளியே தனி ஏற்பாட்டில் விசாரித்துக்கொண்டிருந்தது அரசு. இரண்டு ஈழத்தமிழர்கள் வழக்குப் போட்டார்கள். அந்த விசாரணையும் நடைமுறை நியாயத்துக்குக் கட்டுப்பட்டதே என்று 2010 நவம்பரில் உயர் நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அங்கே உயர் நீதிமன்றம்தான் நாட்டின் உச்ச அமைப்பு. அதற்கு முன், 2001-இல், இத்தகைய முடிவுகளை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கக் கூடாது என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டுப் பார்த்தது. 2003-இல் அதே நீதிமன்றம், அரசமைப்பின் 75(5) பிரிவு தந்த அதிகாரத்தை நாடாளுமன்றம் பறிக்க முடியாது என்றது. அரசு அதிகாரி சட்டத்தை மீறினால் அவரை நீதிமன்றத்துக்கு இழுக்க எவருக்கும் உள்ள உரிமை அது. குடிமகன் அல்லாதவருக்கும் உண்டு.

நமக்கு இது புதிதல்ல. அரசமைப்பு அவையில் 1948 டிசம்பரில் பேசிய அம்பேத்கர், இன்று 32ஆவது உறுப்பாக இருப்பதைத்தான் அரசமைப்பின் ஆன்மா என்றும் இதயம் என்றும் சொன்னார். உரிமைகளை அடுக்கிவைத்த உறுப்புகளை அவர் அப்படிச் சொல்லவில்லை. உரிமை பறிபோனால் நேராக உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டலாம் என்ற உறுப்பைச் சொன்னார். பரிகாரம் இல்லாத உரிமை வெறும் காகிதம் என்பது ஊரின் நீதியை அனுபவித்தவருக்குத் தெரிந்த உண்மை. ஆகவே அந்த வாசல் வேண்டும். அது போதுமா என்பது வேறு கேள்வி.

போதாது. காரணம், சாதி அந்த வாசலுக்கு வருவதற்கு முன்பே கோப்பிலிருந்து காணாமல் போய்விடுகிறது.

1951 அகதிகள் உடன்படிக்கை ஐந்து காரணங்களைச் சொல்கிறது. இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழுவில் உறுப்பு, அரசியல் கருத்து. சாதி என்ற சொல் அதில் இல்லை. சமூகக் குழு என்ற பையில் போட்டுத்தான் அதைக் கொண்டுபோக வேண்டும். 2014 இறுதியில் ஆஸ்திரேலியா கொண்டுவந்த திருத்தம், ஒருவர் தன் நடத்தையைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு ஆபத்தைத் தவிர்க்க முடியுமானால் அவர் அகதி அல்ல என்றது. எவற்றையெல்லாம் மாற்றவோ மறைக்கவோ சொல்லக் கூடாது என்றும் ஒரு பட்டியல் போட்டது. இனம் இருக்கிறது, தேசியம் இருக்கிறது, மதம் இருக்கிறது. சாதி பெயரோடு இல்லை. பிறப்போடு வந்த பண்பு என்ற பொதுவான சொல்லுக்குள் வாதாடித்தான் அதை நுழைக்க வேண்டும்.

இத்தனைக்கும் 2003-இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் ஒரு நல்ல தீர்ப்பைத் தந்திருந்தது. வங்கதேசத்தைச் சேர்ந்த தன்பாலீர்ப்பாளர் இணை ஒன்று, வெளியே தெரியாமல் அடக்கமாக வாழ்ந்தால் ஆபத்தில்லை என்று தீர்ப்பாயம் சொல்லியிருந்தது. அது தவறு என்றார்கள் நீதிபதிகளில் பெரும்பான்மையினர். ஒளிந்து வாழ்வதால் அடி விழவில்லை என்றால், ஏன் ஒளிந்து வாழ்கிறார் என்று கேட்கவேண்டாமா? இந்தக் கேள்வியைச் சாதிக்குக் கேட்டுப் பாருங்கள். "வேறு மாநிலத்துக்குப் போ, பெருநகரத்துக்குப் போ, அங்கே உன்னை யாருக்கும் தெரியாது" என்று சாதி மறுப்புத் திருமணம் செய்தவரிடம் சொல்வதன் பொருள் என்ன? வாடகைக்கு வீடு கேட்கும்போது பொய் சொல், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது பொய் சொல், தாய் செத்தாலும் ஊருக்குப் போகாதே என்பதுதானே?

ஆபத்து நாட்டின் எல்லாப் பகுதிகளிலும் இருக்கிறதா? அரசு பாதுகாப்புத் தருமா? மறுப்புக் கடிதங்கள் இந்த இரண்டு கேள்விகளில்தான் முடிகின்றன. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989 இருக்கிறது, காவல்துறை இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது என்று காகிதம் பதில் சொல்லும்.

கண்ணகி முருகேசனைக் கேளுங்கள். முருகேசன் தலித். கண்ணகி வன்னியர். 2003 மே மாதம் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். கண்ணகியை வேறு ஊரில் உறவினர் வீட்டில் தங்கவைத்தார் முருகேசன். அதுதான் இடம்பெயர்தல். தேடிப்பிடித்தார்கள். ஜூலை 8 அன்று இருவருக்கும் ஊரார் முன்னிலையில் நஞ்சைப் புகட்டிக் கொன்று எரித்தார்கள். காவல்துறை என்ன செய்தது? கொலையான முருகேசனின் தரப்பினரையும் குற்றவாளிகளாகச் சேர்த்து வழக்கைத் திரித்தது. சிபிஐ விசாரணைக்குப் போன பின்னும் கடலூர் நீதிமன்றத்தின் தீர்ப்பு வர 2021 ஆனது. 18 ஆண்டுகள். தண்டிக்கப்பட்டவர்களில் காவல்துறையினரும் இருந்தார்கள். 2025-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இதுதான் "அரசு பாதுகாப்பு". இதை நாட்டு நிலவர அறிக்கையின் ஒரு பத்தியில் அடைக்க முடியுமா?

இப்போது நம் பக்கத்து எதிர்ப்புகளுக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுதப்போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர் சொன்னார், "வெள்ளைக்காரன் முன்னாடி நம்ம அழுக்கைத் துவைக்கணுமா? அவன் ஏற்கெனவே நம்மளக் கேவலமா பாக்குறான்."

எந்த "நம்ம"? அந்த இளைஞன் இந்த "நம்ம"வில் இருக்கிறானா? பொங்கல் விழாவில் மேடையேறி யாதும் ஊரே என்று முழங்கிவிட்டு, கீழே இறங்கியதும் கல்யாண வரன் பட்டியலில் உட்பிரிவுவரை கேட்கிற "நம்ம"வா? வெள்ளை அதிகாரிக்குச் சாதி தெரியாது என்பது உண்மை. அவருக்குத் தெரியாமல் வைத்திருப்பது யார்? கடல் தாண்டி வந்தும், "தமிழர்க்குள் சாதி இல்லை, அதெல்லாம் ஊரோடு போச்சு" என்று ஒவ்வொரு மேடையிலும் சொல்லிக்கொண்டிருக்கும் நம் கள்ள மௌனம்தான். அந்த மௌனமே கடைசியில் மறுப்புக் கடிதத்தில் ஒரு வரியாகிறது. தமிழர் தமிழரைக் கண்டு ஏன் பயப்பட வேண்டும்?

இன்னொருவர் கேட்டார், "சாதின்னு சொன்னா விசா கிடைக்கும்னா எல்லாரும் அதையே சொல்லமாட்டாங்களா?" சிலர் பொய் சொல்வார்கள்தான். பொய்யைக் கண்டுபிடிக்கத்தான் விசாரணை. ஆனால் சாதியைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவர், சாதியைச் சொல்லப் பயந்தவனை விசாரித்தால், பொய்யும் மெய்யும் அவருக்கு ஒன்றாகத்தான் தெரியும். சரளமாகப் பேசுகிறவன் பிழைத்துக்கொள்வான், தலைகுனிந்து நிற்பவன் தோற்பான். இதே எச்சரிக்கை உணர்வை நம் நண்பர்கள் வேறு எந்த விசா மோசடிக்கும் காட்டிப் பார்த்ததில்லை என்பதையும் குறித்துக்கொள்கிறேன்.

ஆகவே என் கோரிக்கைகள் இவை. விசாரணையின் தொடக்கத்திலேயே, மொழிபெயர்ப்பாளரை மாற்றச் சொல்லும் உரிமை உண்டு என்பதையும், காரணம் சொல்ல வேண்டியதில்லை என்பதையும் விண்ணப்பதாரரின் மொழியில் சொல்ல வேண்டும். தெற்காசியாவிலிருந்து வருகிறவரிடம் சாதியைப் பற்றி அதிகாரியே தனியாக, நேரடியாகக் கேட்க வேண்டும். ஊர், தெரு, குடும்பம் விசாரிப்பது மொழிபெயர்ப்பாளரின் தொழில் ஒழுக்கத்துக்கு எதிரானது என்று பயிற்சியில் சொல்லித்தர வேண்டும். தாமதமாகச் சொன்னால் அவநம்பிக்கை கொள்ள வேண்டும் என்ற 2015-இன் விதி ஒழிய வேண்டும். மறுக்கக் கூடாதவற்றின் பட்டியலில் சாதியைப் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். ஐநாவின் இனப் பாகுபாட்டு ஒழிப்புக் குழு, வம்சாவளிப் பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று 2002-லேயே சொல்லிவிட்டது. நீதிமன்றத்துக்குப் போகிறவருக்கு இலவச வழக்கறிஞர் வேண்டும்.

இவை முடியாதவை அல்ல. படகில் வந்தவர்களை நேரில் விசாரிக்காமல் காகிதத்தைப் பார்த்தே மறுஆய்வு செய்த குடிவரவு மதிப்பீட்டு ஆணையம் 2015-இல் அமைக்கப்பட்டது. 2012 ஆகஸ்டுக்கும் 2013 இறுதிக்கும் இடையில் வந்த ஈழத்தமிழர்கள் பலர் அந்த ஆணையத்தால்தான் நிராகரிக்கப்பட்டார்கள். அதை ஒழிக்கவே முடியாது என்றார்கள். 2024 அக்டோபரில் ஒழிந்தது. போராடியவர்கள் இருந்தார்கள்.

அரசிடம் கேட்பதைச் சொல்லிவிட்டேன். நம்மிடம் கேட்பதும் ஒன்று உண்டு. அதை என்னிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த இளைஞனை நான் முதலில் சந்தித்தபோது ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். பதற்றமாக இருந்தான். அவனை இயல்பாக்கலாம் என்று நினைத்து நானும் கேட்டேன், "தம்பிக்கு எந்த ஊரு?" மாவட்டத்தின் பெயரைச் சொல்லிவிட்டுக் கோப்பையைப் பார்த்தான். அன்று அவன் என்னிடம் தந்த காகிதங்களில் சாதிச் சான்றிதழ் இல்லை. நான்காவது சந்திப்பில்தான் அதைக் கொண்டுவந்தான். நான் பிறந்தது அந்தக் கேள்விக்குப் பயப்படத் தேவையில்லாத சாதியில். அதனால் அது ஒரு கேள்வி என்பதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஒரு மாதம் தாமதமாக வந்த காகிதத்தை நான் பெயர்த்துக் கொடுத்துவிடலாம். ஒரு நேர்காணல் தாமதமாக வந்த உண்மைக்கு அவன் மூன்று அலுவலகங்கள் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறான். அவன் வழக்குக்கு இன்னும் விசாரணைத் தேதி வரவில்லை. வரும்போது நீதிபதி கேட்கப்போவது, அவன் விளக்கத்தைத் தீர்ப்பாயம் கருத்தில் கொண்டதா என்பதை. அந்த விளக்கம் எதற்காகத் தேவைப்பட்டது என்பதற்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

இப்போதெல்லாம் புதிதாக வருகிறவரிடம் நான் ஊர் கேட்பதில்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்கிறேன்.